எடின்பரோ ஃப்ரிஞ்ச்ல மூணு நாள்தான் இருக்குன்னா எந்த ஷோவுக்குப் போறது?

ஜூலை முடியப் போகுதுன்னாலே எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும், "எடின்பரோ வர்றோம், ஃப்ரிஞ்ச்ல நல்ல ஷோ நாலு சொல்லு"ன்னு. ஃப்ரிஞ்ச்ங்கறது ஸ்காட்லாந்துல எடின்பரோ ஊர் முழுக்க ஆகஸ்ட்ல நடக்கற பெரிய கலைவிழா. நான் இருக்கறது கிளாஸ்கோ, குயின் ஸ்ட்ரீட்ல ரயில் ஏறினா ஐம்பது நிமிஷம் சொச்சத்துல வேவர்லி ஸ்டேஷன், அதனால வருஷா வருஷம் ஆகஸ்ட்ல லீவு கிடைக்கற நாளெல்லாம் அங்கதான். இந்தத் தடவை கேட்டது என் தங்கச்சி. அவ, மச்சான், அம்மா மூணு பேரும் சென்னையிலேர்ந்து வர்றாங்க, எடின்பரோவுக்கு மூணே நாள். தங்கச்சி காலேஜ்ல இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சவ, நாடகமும் போட்டவ. மச்சானுக்கு சிரிச்சாப் போதும். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. ஒரே வீட்ல மூணு விதமான ஆடியன்ஸ். அவங்களுக்காக உக்காந்து யோசிச்சு வச்சதத்தான் இங்க எழுதறேன், உங்க வீட்லயும் இதே கூட்டணிதான் வரும்னு நினைக்கறேன்.

மொதல்ல ஒரு விஷயம், "பெஸ்ட் ஷோ எது"ங்கற கேள்விக்கு ஃப்ரிஞ்ச்ல பதிலே கிடையாது, ஏன்னா அதை நடத்தறவங்க எந்த ஷோவையும் தேர்ந்தெடுக்கறதில்ல. 1947ல எடின்பரோ இன்டர்நேஷனல் ஃபெஸ்டிவல் ஆரம்பிச்சப்போ அழைப்பே இல்லாம எட்டு நாடகக் குழு வந்து கிடைச்ச ஹால்ல நாடகம் போட்டாங்க, அதுலேர்ந்து வளர்ந்ததுதான் ஃப்ரிஞ்ச். இன்னிக்கும் அதே விதிதான், ஒரு இடம் பிடிச்சு கட்டணம் கட்டி பேரைப் பதிஞ்சா யார் வேணா ஷோ போடலாம். 2019ல மட்டும் 3,800 ஷோவுக்கு மேல, முப்பது லட்சம் டிக்கெட். அந்தக் குவியலுக்குள்ள வாழ்க்கை முழுக்க மறக்க முடியாத ஒண்ணும் இருக்கும், பத்து நிமிஷத்துல எழுந்து போயிடலாமான்னு தோணறதும் இருக்கும், ரெண்டும் அடுத்தடுத்த ரூம்ல நடக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே தீர்த்துடறேன். இன்டர்நேஷனல் ஃபெஸ்டிவல் வேற, ஃப்ரிஞ்ச் வேற, ரெண்டும் ஒரே மாசத்துல ஒரே ஊர்ல நடக்கறதால எல்லாரும் கலந்துடறாங்க. 2022ல ஷக்திதரன் எழுதின 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' லைசியம் தியேட்டருக்கு வந்துது, இலங்கையிலேர்ந்து ஆஸ்திரேலியா வரைக்கும் நாலு தலைமுறை ஒரு குடும்பத்தோட கதை, மூணரை மணி நேரம், மேடையில தமிழும் சிங்களமும் பேசுவாங்க, பக்கத்துலயே இன்னொரு நடிகர் நின்னு இங்கிலீஷ்ல சொல்லுவார். அது இன்டர்நேஷனல் ஃபெஸ்டிவல் நாடகம். அந்த மாதிரி பெரிய மேடை, பெரிய குழு, நிதானமான நேரம் வேணும்னா ஃப்ரிஞ்ச் புக்கைப் புரட்டாதீங்க, அந்த ஃபெஸ்டிவலோட லிஸ்ட்டை தனியா பாருங்க. ஃப்ரிஞ்ச்ல பெரும்பாலும் அம்பதுலேர்ந்து அறுபது நிமிஷம், முடிஞ்ச உடனே கால் மணி நேரத்துல செட்டைக் கழட்டி அடுத்த குழு உள்ள வந்துடும்.

சரி, இப்ப ஷோ வகைக்கு வருவோம். தனியாள் நாடகம் பத்தி நான் நிறைய சொல்லுவேன், எனக்குப் பிடிச்சது அதுதான்.

நடிகர் ஒரே ஆள், ஒரு நாற்காலி, ரெண்டு லைட், சின்ன ரூம். 'ஃப்ளீபேக்' டிவியில வந்து உலகம் முழுக்கத் தெரிஞ்சுதே, அது 2013ல அண்டர்பெல்லிங்கற வென்யூல ஃபீபி வாலர்-பிரிட்ஜ் தனியா உக்காந்து பேசின ஷோவா ஆரம்பிச்சது. 'பேபி ரெயின்டியர்' 2019ல சம்மர்ஹால்ங்கற இன்னொரு வென்யூல ரிச்சர்ட் கேட் தனி ஆளா நடிச்சது. ரெண்டையுமே ஸ்க்ரீன்ல பாத்தவங்க கோடிக்கணக்குல இருப்பாங்க, அந்த ரூம்ல உக்காந்து பாத்தவங்க கொஞ்சம் பேர்தான். நாளைக்கு எது அப்படி ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதைத் தேடிப் போகவும் வேண்டாம். ஆனா ஒரு மனுஷன் நாலடி தூரத்துல நின்னு உங்க கண்ணைப் பாத்து அவன் கதையைச் சொல்றப்போ நமக்குள்ள நடக்கற ஒண்ணு இருக்கே, அது பெரிய தியேட்டர்ல கிடைக்காது.

2024ல சம்மர்ஹால் முற்றத்துல ரவுண்டபவுட்னு ஒரு வட்ட அரங்கம் போட்டிருந்தாங்க, 168 சீட்தான், சுத்தி உக்காரணும், நடுவுல நடிகர். அதுல 'எவ்ரி பிரில்லியண்ட் திங்' பாத்தேன். பத்து வருஷம் முன்னாடி அதே அரங்கத்துல நடிச்ச ஜானி டோனஹோதான் திரும்பவும் நடிச்சார். தற்கொலைக்கு முயற்சி பண்ணின அம்மாவுக்காக ஒரு சின்னப் பையன், வாழறதுக்கு என்னென்ன நல்ல விஷயம் இருக்குன்னு நம்பர் போட்டு லிஸ்ட் எழுதறான், அதான் கதை. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவர் ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து பேசி ஒரு துண்டுச் சீட்டு குடுத்துட்டுப் போவார், நடுவுல அந்த நம்பரைச் சொன்னா நாம சத்தமா வாசிக்கணும். என் கையில இருந்த சீட்டை மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு, என் நம்பர் வந்து நான் வாசிச்சப்போ எதிர்ப்பக்கம் உக்காந்திருந்த வயசான அம்மா என்னைப் பாத்து தலையாட்டினாங்க. யாருன்னே தெரியாது. நான் அன்னிக்கு வேற எதுக்கும் போகல, மெடோஸ் புல்வெளியில போய் உக்காந்துட்டேன். இந்த மாதிரி ஒண்ணு மூணு நாள்ல கண்டிப்பா இருக்கணும், அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

இந்த வகைக்கு எங்க தேடறதுன்னா ரெண்டு இடம். ஒண்ணு டிராவர்ஸ் தியேட்டர், 1963லேர்ந்து இருக்கு, புது நாடகத்துக்குன்னே உள்ள தியேட்டர். ஃப்ரிஞ்ச்லயும் இவங்க ஷோவை இவங்களே பாத்து எடுப்பாங்க, அதனால மோசமா போற வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஒரே ஒரு சிக்கல், ஒரே நாடகம் தினம் ஒரே நேரத்துல நடக்காது, ஒரு நாள் காலையில பத்து மணிக்கு வந்தா மறுநாள் ராத்திரிக்கு மாறும், அதனால டிக்கெட் போடறப்போ தேதியோட நேரத்தையும் ரெண்டு தடவை பாருங்க. இன்னொண்ணு சம்மர்ஹால், முன்ன கால்நடை மருத்துவக் கல்லூரியா இருந்த கட்டடம், டிசெக்ஷன் ரூம், அனாட்டமி லெக்சர் தியேட்டர்னு பழைய பேரை அப்படியே வச்சிருக்காங்க, மாணவர்கள் உக்காந்து பாடம் கேட்ட செங்குத்தான மர பெஞ்சுலதான் நாம உக்காந்து நாடகம் பாக்கறோம். அங்க வர்றது கொஞ்சம் துணிச்சலான சரக்கு, சில சமயம் ஒண்ணுமே புரியாது, சில சமயம் தூக்கம் வராது. ரெண்டுல ஒண்ணுதான்னா, மொத தடவை வர்றவங்களுக்கு டிராவர்ஸ், நாடகம் போட்ட அனுபவம் இருக்கறவங்களுக்கு சம்மர்ஹால். தங்கச்சிக்கு சம்மர்ஹால்தான்.

மச்சானுக்கு என்ன? அவருக்கு ரெண்டு வழி இருக்கு, வருஷா வருஷம் வர்ற இம்ப்ரோவ் ஷோ, அதாவது முன்னாடியே எழுதி வைக்காம மேடையிலயே உருவாக்கறது, இல்லன்னா ஸ்டாண்ட் அப்.

இம்ப்ரோவ்ல நான் கண்ணை மூடிட்டு சொல்றது 'ஷோஸ்டாப்பர்'. 2008லேர்ந்து ஃப்ரிஞ்ச்க்கு வர்றாங்க, 2016ல லண்டன் நாடகங்களுக்குக் குடுக்கற ஆலிவியர் விருதும் வாங்கினாங்க. கதை எங்க நடக்கணும், எந்தெந்த மியூசிக்கல் பாணியில பாட்டு வரணும், தலைப்பு என்னன்னு ஆடியன்ஸ் கத்தணும், அதை வச்சு அங்கேயே அப்பவே பாட்டோட, ஆட்டத்தோட, வாத்தியத்தோட ஒரு முழு மியூசிக்கலை கட்டி எழுப்புவாங்க. நம்ம ஊர் தெருக்கூத்துல கட்டியங்காரன் கூட்டத்துல யாராவது கத்தினா அதைப் பிடிச்சு உடனே பாட்டாக்கி விடுவாரே, அந்தக் குஷி இதுல இருக்கு. இதுக்குப் போட்டியா எல்லாரும் சொல்றது 'ஆஸ்டென்டேஷியஸ்', ஆடியன்ஸ் குடுக்கற தலைப்பை வச்சு ஜேன் ஆஸ்டின் எழுதாம விட்ட நாவலை நடிச்சுக் காட்டறது, பிரமாதமான நடிகர்கள், ஆனா ஜேன் ஆஸ்டினை நாலு பக்கமாவது படிச்சிருந்தாத்தான் அந்த இழுத்து இழுத்துப் பேசற மரியாதையில இருக்கற காமெடி பிடிபடும். தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பா, மச்சான் வாட்ச் பாப்பார். அதனால குடும்பமா போறதுன்னா ஷோஸ்டாப்பர்.

காலையில சீக்கிரம் எழுந்துட்டீங்கன்னா 'ஷேக்ஸ்பியர் ஃபார் பிரேக்ஃபாஸ்ட்'னு ஒண்ணு இருக்கு, முப்பது வருஷத்துக்கு மேல ஓடிட்டிருக்கு, காலை பத்து மணி வாக்குல, டிக்கெட்டோட காபியும் குரோசான்ட்டும் குடுத்துடுவாங்க. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒண்ணை எடுத்து இந்தக் காலத்துக்கு மாத்தி கலாட்டா பண்ணுவாங்க. ஆழமெல்லாம் தேடக்கூடாது, மழை பெய்யற காலையில நல்லா இருக்கும்.

ஸ்டாண்ட் அப் பத்தி கொஞ்சம் கவனமா சொல்லணும். எடின்பரோ காமெடி அவார்டு 1981லேர்ந்து இருக்கு, மொத வருஷம் வாங்கினது கேம்பிரிட்ஜ் ஃபுட்லைட்ஸ், ஸ்டீஃபன் ஃப்ரை, ஹியூ லாரி, எம்மா தாம்சன் எல்லாம் இருந்த குழு. இலங்கைத் தமிழ்க் குடும்பத்துலேர்ந்து வந்த ரொமேஷ் ரங்கநாதன் 2013ல புதுமுகப் பட்டியல்ல வந்தார், 2023ல மெயின் அவார்டை வாங்கினது அஹிர் ஷா. அதனால நம்ம ஊர் முகங்கள் இல்லாத இடம்னு நினைக்காதீங்க. ஆனா சென்னையிலேர்ந்து நேரா வந்து இறங்கினவங்களுக்கு பிரிட்டிஷ் டிவி, பிரிட்டிஷ் அரசியல், கவுன்சில் வரி, சூப்பர் மார்க்கெட் பேரெல்லாம் வச்சு போடற ஜோக்ல பாதி போயிடும், கிளாஸ்கோ உச்சரிப்பு வேகமா வந்தா மீதியும் போயிடும். எனக்கே இங்க வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் முழுசா சிரிக்க முடிஞ்சுது. அதனால முப்பது பவுண்ட் பக்கம் குடுத்து டிவி பிரபலத்தை பெரிய ஹால்ல கடைசி வரிசையிலேர்ந்து பாக்கறதை விட, ஃப்ரீ ஷோ ரெண்டு பாருங்க.

ஃப்ரீன்னா என்னன்னு கேப்பீங்க. 1996ல பீட்டர் பக்லி ஹில்ங்கறவர் ஆரம்பிச்ச ஏற்பாடு, இப்ப இன்னும் சில அமைப்புகளும் அதே மாதிரி நடத்தறாங்க. பப்போட பின்ரூம், மாடி, நிலவறைன்னு கிடைச்ச இடத்துல ஷோ, உள்ள போக காசு வேண்டாம், முடிஞ்சப்புறம் கலைஞர் வாசல்ல ஒரு பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார், பிடிச்சிருந்தா போடலாம். ஒரு தடவை மதியம் மூணு மணிக்கு நான் போன ஷோவுல என்னையும் சேத்து ஏழு பேர். அந்தப் பொண்ணு நாங்க எழுபது பேர் இருந்தா எப்படியோ அப்படியே ஒரு மணி நேரம் உயிரைக் குடுத்துப் பண்ணுச்சு, கடைசியில பக்கெட் அடியில முதல்லயே ஒரு அஞ்சு பவுண்ட் நோட்டை அதுவே போட்டு வச்சிருந்ததைப் பாத்தேன், வெறும் பக்கெட்டா தெரியக்கூடாதுன்னு. தயவு செஞ்சு ஃப்ரீதானேன்னு கையை வீசிக்கிட்டு வெளிய வராதீங்க, தலைக்கு அஞ்சுலேர்ந்து பத்து பவுண்ட் வரைக்கும் போடுங்க. ஆகஸ்ட்ல அந்த ஊர் வாடகைக்கு அவங்க கையிலேர்ந்து போடற காசு கொஞ்சநஞ்சமில்ல. பப்ல நடக்கற ஷோ நிறையவற்றுக்கு வயசுக் கட்டுப்பாடு உண்டு, குழந்தைகளோட வர்றவங்க அதை முன்னாடியே பாத்துக்கோங்க.

அம்மாவுக்கு வருவோம். அம்மாவுக்கு மொழி வேண்டாம், உடம்பு பேசினாப் போதும். மெடோஸ் புல்வெளியில அண்டர்பெல்லி சர்க்கஸ் ஹப்னு பெரிய கூடாரம் போடுவாங்க, யானை சிங்கம் இருக்கற சர்க்கஸ் இல்ல, மனுஷங்க மட்டும்தான். ஆஸ்திரேலியக் குழுக்கள் இதுல கெட்டிக்காரங்க, அடிலெய்ட்லேர்ந்து வர்ற 'கிராவிட்டி அண்ட் அதர் மித்ஸ்' பேரு எந்த வென்யூல இருந்தாலும் யோசிக்காம போடுங்க. மூணு பேர் ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் நிக்கறப்போ அடியில நிக்கறவரோட முழங்கால் நடுங்கறது முன் வரிசையிலேர்ந்து தெரியும், மூச்சு வாங்கறது கேக்கும். போன தடவை அம்மா வந்திருந்தப்போ ஒரு சர்க்கஸ் ஷோவுக்குக் கூட்டிட்டுப் போனேன், மேலேர்ந்து ஒரு பொண்ணு கையை விட்டு விழுந்து கீழ ரெண்டு பேர் பிடிச்சப்போ "முருகா"ன்னு சத்தமாவே சொல்லிட்டாங்க, பக்கத்துல இருந்த வெள்ளைக்காரத் தம்பதி என்னன்னு கேட்டு, நான் சொன்னதும் அவங்களும் அடுத்த தடவை அதையே சொன்னாங்க. டான்ஸ்னா கிராஸ்மார்க்கெட் பக்கம் டான்ஸ் பேஸ் இருக்கு, ஸ்காட்லாந்தோட தேசிய நடன மையம், பகல் நேர ஷோ, உக்கார வசதி. ஆனா மாடர்ன் டான்ஸ் அம்மாவுக்கு ஒட்டல, "எப்பப்பா ஆட ஆரம்பிப்பாங்க"ன்னு கேட்டாங்க. அதனால சர்க்கஸ்.

ராயல் மைல்ல தெருவுல நடக்கற வித்தைகள் ஒரு மணி நேரத்துக்கு நல்லா இருக்கும், அதையே ஃப்ரிஞ்ச்னு நினைச்சு ஒரு நாள் முழுக்க அங்க நின்னுடாதீங்க. அங்க நோட்டீஸ் குடுக்கறவங்க பாதி பேர் அந்த ஷோவுல நடிக்கறவங்களே. நின்னு பேசுங்க. ஷோ எதைப் பத்தின்னு ரெண்டு வரியில சொல்லச் சொல்லுங்க, சொல்றவங்க கண்ணுல ஒரு வெளிச்சம் இருந்தா வாங்கிக்கோங்க. நோட்டீஸ் மேல ஒட்டியிருக்கற அஞ்சு ஸ்டாரை நான் நம்பறதில்ல, அதைக் குடுத்தது யாருன்னு கீழ சின்ன எழுத்துல இருக்கும், பேரே கேள்விப்படாத சைட்டா இருக்கும். நம்பறதுன்னா ஸ்காட்ஸ்மன் பத்திரிகை குடுக்கற ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது, 1973லேர்ந்து புது நாடகத்துக்குன்னே குடுக்கறாங்க, ஃபெஸ்டிவல் நடக்கறப்பவே வாரா வாரம் அறிவிப்பாங்க. அறிவிச்ச அன்னிக்கு சாயங்காலமே டிக்கெட் தீந்துடும், அதனால அன்னிக்கு போனைக் கையிலயே வச்சிருங்க.

காசைப் பாக்கறவங்களுக்கு ஆரம்ப நாட்கள்தான் லாபம். மொத ரெண்டு மூணு நாள் பிரிவ்யூ, அதாவது வெள்ளோட்டம், விலை குறைவு, நடிகர்கள் கொஞ்சம் தடுமாறலாம். மொத திங்கள் செவ்வாய் நிறைய ஷோவுக்கு ஒரு டிக்கெட் காசுல ரெண்டு பேர் போகலாம். கடைசி வாரம் வந்தா விலை அதிகம், ஆனா ஷோ நல்லா இறுகி பதமா இருக்கும். எதைப் பத்தின விமர்சனமும் வெளிய வந்திருக்கும். நான் தேர்ந்தெடுக்கறதுன்னா ரெண்டாவது வாரத்து நடு.

ஊரைப் பத்தி ஒரு எச்சரிக்கை. எடின்பரோ மேடு பள்ளமான ஊர். மேப்ல ஜார்ஜ் ஃபோர்த் பிரிட்ஜும் கவ்கேட்டும் ஒண்ணை ஒண்ணு வெட்டற மாதிரி தெரியும், நேர்ல போனா ஒண்ணு பாலம், இன்னொண்ணு அதுக்கு அடியில பல மாடி கீழ ஓடற தெரு. மேப்பை நம்பி பாலத்து மேல நின்னுக்கிட்டு நான் ஒரு ஷோவுக்கு ரெண்டு நிமிஷம் லேட்டாகி, வாசல்ல இருந்த பொண்ணு "சாரி"ன்னு சொல்லி கதவைச் சாத்திடுச்சு. லேட்டா வந்தா பெரும்பாலான இடத்துல உள்ள விட மாட்டாங்க, சின்ன ரூம்ல நடிகர் மேல இடிச்சுக்கிட்டுத்தானே போகணும், அவங்க செய்யறது சரிதான். டிராவர்ஸ்லேர்ந்து பிளசன்ஸ் கோர்ட்யார்டுங்கற வென்யூவுக்கு நடக்க அரை மணி நேரம் வச்சுக்கோங்க, அம்மா மாதிரி மெதுவா நடக்கறவங்க கூட இருந்தா இன்னும் பத்து நிமிஷம். ஒரு ஷோவுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க. ஒரு நாளைக்கு ஆறு ஷோ பாத்தேன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு மூணுக்கு மேல போனா மொத ஷோவோட முகமே மறந்துடும்.

எங்க வீட்டுக்கு நான் போட்டது இதான். மொத நாள் மதியம் எல்லாரும் சேந்து ராயல் மைல், சாயங்காலம் ஷோஸ்டாப்பர், மூணு பேரும் பயணக் களைப்புல இருப்பாங்க, பாட்டு இருக்கறதால அம்மாவும் உக்காந்திருப்பாங்க. ரெண்டாம் நாள் காலையில தங்கச்சியும் நானும் சம்மர்ஹால்ல ஒரு தனியாள் நாடகம், அந்த நேரம் அம்மாவும் மச்சானும் நேஷனல் மியூசியம் போகட்டும், அதுக்கு டிக்கெட் வாங்க வேண்டாம், லிஃப்ட் இருக்கு. அன்னிக்கு ராத்திரி மெடோஸ்ல சர்க்கஸ், முன் வரிசை. மூணாம் நாள் மதியம் மச்சானோட ரெண்டு ஃப்ரீ ஷோ, பக்கெட்டுக்கு இப்பவே நோட்டு மாத்தி வச்சாச்சு. அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு ஒண்ணுமே போடல, அதைக் காலியாத்தான் விட்டிருக்கேன், யாராவது நோட்டீஸ் குடுத்து கண்ணு மின்ன ஒரு வார்த்தை சொன்னா அதுக்குப் போறதுக்கு. கிளாஸ்கோவுக்கு கடைசி ரயில் பதினொண்ணரை மணி வாக்குல, அதுக்குள்ள எது முடிஞ்சாலும் சரி.

அம்மாகிட்ட மட்டும் ஸ்வெட்டரும் காலுறையும் எடுத்து வைக்கச் சொல்லி நேத்தே போன் பண்ணிட்டேன், ஆகஸ்ட்ன்னாலும் அந்தக் கூடாரத்துல ராத்திரி நல்லா குளிரும்.